பானெட்டில் கறை, பழி ஏழுமலை மேல்

ஞாயிறன்று காருக்குப் பளபளப்பு தரும் செராமிக் கோட்டிங்கை நானே போட்டேன். மறுநாள் பானெட்டில் திட்டுத் திட்டாகக் கறை.

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் கார் துடைக்கும் ஏழுமலையை எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன்.

"நான் தொடவேயில்லம்மா" என்றார். நம்பவில்லை.

இன்று கிண்டி பட்டறைக்காரர் பார்த்ததுமே சிரித்தார். "வெயில்ல போட்டுட்டு, நேரத்துல தொடைக்காம வுட்டுக்கிறாங்க. பாலிஷ் பண்ணி எடுத்துடலாம். யாரு மேடம் போட்டது?"

"தெரிஞ்சவங்க" என்றேன். பொய்.

திரும்பியதும், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சத்தம் போட்டத கேட்டு ரெண்டு வூட்ல வண்டியத் தொடாதன்ட்டாங்க. அவங்களாண்ட சொல்லும்மா."

அந்த இரண்டு வீட்டாரும் இங்கே முகநூலில் என் நண்பர்கள்தான். தப்பு என்னுடையது. அவரை மறுபடி வண்டி துடைக்கக் கூப்பிடுங்கள். கோட்டிங் சந்தேகங்களை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.