முகூர்த்தத்துக்குப் போக மறுத்த கார்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்வராயன் மலைமேல் நாகலூரில் சொந்தமாகக் கார் வைத்திருந்த ஒரே பள்ளி ஆசிரியன் நான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அங்கே குடியிருந்த ஒரே பள்ளி ஆசிரியனும் நான்தான். ஊரை விட்டுக் கிளம்பிய எஸ்டேட் முதலாளி ஒருவர் தம் பழைய கறுப்புக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு தடித்த ரிப்பேர் புத்தகத்தையும் கொடுத்தார். காரைவிடப் புத்தகம் நல்ல நிலையில் இருந்தது.

நான் வரலாறு நடத்துகிறவன். எந்தத் துறையானாலும் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டால் அதில் கரைகண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. அந்தப் புத்தகத்தையும் ஒரே மழைக்காலத்தில் படித்து முடித்தேன். 'இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை' என்ற அத்தியாயம் எனக்கு மனப்பாடம். அதன் முதல் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டேன். விவரம் தெரியாதவர்களுக்காக எழுதியதுபோலப் பட்டது.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அம்மா எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவர். மகள் என்னிடம் படித்தவள். மதிப்பெண் குறைச்சல், வாய் அதிகம். அவளுக்கு மாரமங்கலத்தில் மிளகு பயிரிடும் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் அங்கேயே, கோயிலில். பெண்ணை அழைத்துப்போக லாரி அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

"மொளகு மூட்டையாட்டம் லாரியில போய் எறங்கறதுக்கா? நான் சார் காருலதான் வருவேன்."

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வந்ததாம்: "காருல வரட்டும். அந்தக் காரு வந்து சேருமான்னுதான் பயமா இருக்குது."

ஆகவே அன்றைக்குப் பந்தயத்தில் இருந்தது மூன்று பேருடைய மானம்: அவளுடையது, அவள் அம்மாவுடையது, என்னுடையது. காரின் மானம் எப்போதோ போயிருந்தது.

முதல்நாள் மாலை காரைக் கழுவி, அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். நல்லபடியாகத்தான் ஓடி வந்தது. ஜோடிப்பு வேலையைப் பெண்ணின் தாய்மாமன் ஏற்றுக்கொண்டார். அவர் எந்த வேலையைச் செய்தாலும் இன்னொருவர் கையை நடுவே விடமாட்டார். "நீங்க போய்த் தூங்குங்க வாத்தியாரே. காலையில உங்க காரு உங்களுக்கே அடையாளம் தெரியாது" என்றார்.

உண்மைதான். காலையில் பார்த்தால் முகப்பில் செவ்வந்தி மாலை, கதவுகளில் மாவிலை, பின்பக்கம் இருபுறமும் ஆளுயர வாழைக்கன்றுகள். பனியில் நனைந்த அந்த அலங்காரத்தில் கார் ஏதோ சிறு தேர் மாதிரி நின்றது. சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார்கள். அடுத்த பஸ் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். பெண்ணும் அம்மாவும் மாமனும் காரில் ஏறிக்கொண்டார்கள். நான் சாவியைத் திருப்பி செல்ப் பட்டனை அமுக்கினேன்.

கிர்ர் கிர்ர் என்று இன்ஜின் உற்சாகமாகச் சுற்றியது. ஒருமுறை தும்மியது. அடங்கியது.

மறுபடி கிர்ர். மறுபடி ஒரு தும்மல்.

"ஏனுங்க சார், காருக்குச் சளியா?" என்றது பின்சீட்டுப் பட்டுப்புடவை.

"சும்மா இரு கண்ணு" என்றார் அம்மா.

எனக்கோ உள்ளூர ஆனந்தம். அத்தியாயம் மனப்பாடமாக இருந்தும் இதுவரை வாய்ப்புக் கிடைக்காமல் இருந்தவன் நான். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட்டைத் திறந்தேன். "பேட்டரி நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை, அல்லது காற்று போகவில்லை. இந்த மூன்றுதான்" என்று வகுப்பில் சொல்வதுபோல அறிவித்தேன்.

கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, பம்பைக் கையால் அடித்தேன். பெட்ரோல் என் சட்டை மீது தாராளமாக வந்தது. குழாயை மாட்டி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, மாமனை செல்ப் அடிக்கச் சொன்னேன். அருமையான நீலப் பொறி. அதில் பாதி என் முழங்கை வழியாகப் போனது.

"பொறி இருக்குதுங்களா?" என்றார் மாமன்.

"இருக்குது."

"அது நீங்க குதிச்சதுலயே தெரிஞ்சுதுங்க."

காற்று வடிகட்டியைக் கழற்றினேன். ஒரு மாவிலைகூட அடைத்திருக்கவில்லை. மூன்றும் சரியாக இருந்தன. கார் மட்டும் கிளம்பவில்லை. அத்தியாயம் தீர்ந்துபோயிற்று. கையில் இருந்த பிளக்கைப் பார்த்தேன். பெட்ரோலில் தொப்பலாக நனைந்திருந்தது. மற்ற மூன்று பிளக்குகளையும் கழற்றினேன், அவையும் அப்படியே. "இதுதான்! பிளக் நனைந்திருக்கிறது. சூடு காட்டினால் போதும்" என்றேன், இழந்த நாட்டை மீட்ட அரசன் மாதிரி.

அம்மா நான்கு பிளக்குகளையும் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லில் பிளக்குகளைப் போட்டு, திருப்பியால் புரட்டிப் புரட்டி வாட்டினார்.

"எண்ணெய் ஊத்தோணுங்களா?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சூடான பிளக்குகளைத் துணியால் பிடித்து மாட்டினேன். கிர்ர். இரண்டு தும்மல். மௌனம்.

அப்போதுதான் அம்மாவின் முகத்தைக் கவனித்தேன். அவர் சூரியனைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். இராகுகாலம் பிறப்பதற்குள் தாலி ஏறவேண்டும். மகளுக்கும் சிரிப்பு நின்றிருந்தது. "சார், நெசமாலுமே போயிருவமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் குரலில் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தள்ளிப் பார்ப்போம்" என்றேன். பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். நானும் பின்னால் போய் நின்றேன். கையை வைக்க இடம் தேடி வலதுபக்க வாழைக்கன்றைச் சற்று ஒதுக்கினேன்.

"ஐயோ, அதுல கை வெக்காதீங்க!" மாமன் ஓடி வந்தார். "கன்னு சாஞ்சிரும்!"

"கொஞ்சம் அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டிக்கொள்ளலாமே?"

"இடதுபக்கந்தானுங்க கட்டுனது. இந்தப் பக்கம் கட்டுனா நிக்கவே இல்லீங்க. நட்டிருக்குது."

"நட்டிருக்கிறதா? காரில் எங்கே நடுவது?"

"ஏனுங்க, அளவெடுத்தாப்பல ஒரு ஓட்டை இருந்துச்சுங்களே! அடித்தண்டைப் பென்சிலாட்டம் சீவி, நல்லா அடிச்சு எறக்கி, சுத்தியும் களிமண்ணு பூசிட்டேன். நொம்பக் கெட்டி. ஆட்டிப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். புகைக்குழாயின் வாயில் வாழைக்கன்று செழிப்பாக நின்றிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே விட முடியாது. என் கார் காலையிலிருந்து அந்த நிலைமையில்தான் தும்மிக்கொண்டிருந்தது. நான் தாண்டிவிட்ட முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்ததைப் பின்னால் வாசித்தேன்: கடைசியாக வண்டி ஓடியதற்குப் பிறகு அதை யார் என்ன செய்தார்கள்?

சிரித்துக்கொண்டே கன்றைப் பிடுங்கப் போனேன். மாமன் குறுக்கே வந்து நின்றார்.

"தாலி ஏறாம மொகூர்த்த வாழையைச் சாய்க்கறதா? ஆகாதுங்க."

"அது இருந்தால் கார் கிளம்பாது."

"அது சாஞ்சா குடும்பம் கெளம்பாது."

நோயைக் கண்டுபிடித்தாயிற்று, மருந்து கொடுக்கத்தான் அனுமதியில்லை. தள்ள வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கார்க் கதவு படாரென்று திறந்தது. மணப்பெண் இறங்கினாள்.

"மாமா, சாயத்தான கூடாது?"

"ஆமா கண்ணு. தரையிலயும் படப்படாது."

"அப்ப உருவி நேராப் புடிச்சுக்கங்க. கோயில் வரைக்கும் சாயாம கொண்டாங்க. நட்டது நீங்கதான?"

மாமன் சிறிது யோசித்தார். அவள் சொன்னதில் சாத்திரப்படி ஓட்டை எதுவும் தென்படவில்லை போலிருக்கிறது. இரண்டு கையாலும் கன்றைப் பிடித்து முறுக்கி உருவினார். பாட்டில் மூடி திறந்ததுபோல ஒரு சத்தம். நான் உள்ளே போய் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து செல்ப்பை அமுக்கினேன். காலையிலிருந்து குழாயில் தேங்கியிருந்த பெட்ரோல் புகையெல்லாம் ஒரே வெடியாக வெடித்தது. சேர்வராயன் மலையில் இருந்த அத்தனை காக்கையும் எழுந்து பறந்திருக்கும். மாமனின் வெள்ளை வேட்டி முழங்காலுக்குக் கீழே கறுப்பு வேட்டியாயிற்று. ஆனாலும் கன்று சாயவில்லை.

இன்ஜின் ஓடியது. பெண் கைதட்டினாள். "கெட்டிமேளம் இங்கயே அடிச்சாச்சு, ஏறுங்க" என்றாள்.

காருக்குள் வாழைக்கன்றை நேராக நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. மாமன் முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கொடிமரம்போலப் பிடித்துக்கொண்டார். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளைவு வளைவாகப் போனோம். ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலை உள்ளே வந்து என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. எதிரே வந்தவர்கள் ஏதோ கட்சி ஊர்வலம் என்று ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். பின்சீட்டில் தாயும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வேகமாகப் போனால் கன்று முறியும், மெதுவாகப் போனால் நேரம் போகும். "கன்னு, கன்னு!" என்று மாமன் கத்த, "நேரம், நேரம்!" என்று அம்மா கத்த, நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பாதையைப் பார்த்தபடி நின்றார்கள். கார் வந்து நின்றதும் மணப்பெண் இறங்கி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "காரு வந்து சேந்துருச்சுங்க."

அப்புறம் எல்லாம் அவசரம். மாலை, மேளம், மந்திரம். இராகுகாலத்துக்கு முன்னால் தாலி ஏறிவிட்டது. அட்சதை தூவிவிட்டு, பெட்ரோல் மணக்கும் கையோடு ஒரு தூணில் சாய்ந்தேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

திரும்பினால் மாமன். கரிபிடித்த வேட்டி. இரண்டு கையிலும் வாழைக்கன்று, அணுவளவும் சாயாமல்.

"வாத்தியாரே, தாலி ஏறிருச்சுங்களா? கன்னு மறைக்குது, எனக்கொண்ணுந் தெரியல. ஏறிருச்சுன்னா இதக் கீழ வெச்சுக்கறேன்."