புகையிலைக்காரன் வளர்த்த ஐரிஸ்

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் மலைநாட்டுப் பண்டாரவளையில் இருந்த வீட்டை இழந்து யாழ்ப்பாணம் வந்தபோது, அவள் ஒரு ஈரச் சாக்கில் ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வருடம் என்னைக் கல்யாணம் கட்டியபோது சீதனமாக வந்ததும் அவைதான். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். இந்த மண்ணிலும் ஐரிஸ் ஒருதரம் பூத்தால் போதும் என்று மட்டும் சொல்வாள்.

நான் அச்சுவேலியில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. செடி வளர்க்க எனக்கு யார் பாடம் எடுப்பது என்ற திமிர். கிழங்கின் முதுகில் வெயில் படவேண்டும், மூடக்கூடாது என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. கிணற்றடியில் பாத்தி கட்டி, பூவரசங்குழையை உரமாக மண்ணுக்குள் தாழ்த்து, ஆட்டெரு போட்டு, கழுத்துவரை மண் அணைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். எல்லாம் அழுகிப்போயின. பூச்சாடியில் அவள் வைத்த ஒன்று மட்டும், என் கை படாத புண்ணியத்தில், தப்பியது.

"உது கறிக்கும் உதவாது, சுருட்டுக்கும் உதவாது. பிறகேன்ரா வளக்கிறாய்?" என்றார் அண்ணை. வருடக்கணக்காக அது வெறும் இலையாகவே நின்றது.

ஒரு பின்னேரம், சாடியின் நடுவே தண்டொன்று எழுந்து நுனி பருத்திருந்தது. புகையிலையில் பூ வந்தால் இலை தடிக்காது. அதனால் கண்டவுடன் முறித்துவிடுவோம். கை அதற்கு மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. தண்டோடு முறித்து வேலிப்பக்கம் எறிந்தபிறகுதான் விரலில் ஊதா நிறத்தைக் கண்டேன்.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு அவள் வந்தபோது நான் வேலியடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

"என்னத்தைத் தேடுறியள்?"

"உம்மடை பூவை."

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ தானும் குனிந்து தேடினாள், எடுத்தாள், கிளாசில் தண்ணீர் விட்டு யன்னலில் வைத்தாள். விடிய அது விரிந்திருந்தது.

"கிட்ட வாங்கோ. கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு பாருங்கோ."

கட்டிக்கொண்டு பார்த்தேன்.

"பண்டாரவளை வீட்டுக் கேற்றுக்கு ரெண்டு பக்கமும் இதுதான் நிண்டது," என்று தொடங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் நிறுத்தவில்லை. திரும்பி வருவோம் என்று நினைத்து, எரியப்போகிற வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்டிவிட்டு வந்தார்களாம். குறுக்கே ஏதாவது கதைத்து இதையும் முறித்துவிடுவேனோ என்று பயந்து, வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டேன்.