மோட்டார் போடாத காலை

தலை நிறைய ஷாம்பு நுரை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைத் தானாகப் போடும் மென்பொருளை எழுதியது நான்தான். ஆட்களின் பழக்கம் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும்.

துண்டோடு கீழே ஓடி, வாட்ச்மேன் கோபாலண்ணனிடம் கேட்டேன்.

"அத்த நம்பாம இத்தினி நாளா நான்தான் சார் போட்டுக்கினு இருந்தேன். 'மெஷின நம்புங்கண்ணே'ன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? வுட்டுட்டேன்."

கைபேசியைத் திறந்தால் மென்பொருளின் அறிவிப்பு: "வாட்ச்மேன் தினமும் போடுகிறார். இனி நான் போடத் தேவையில்லை."

அவர் அதை நம்பியிருக்கிறார், அது அவரை நம்பியிருக்கிறது. இதில் யாரைத் திருத்துவது என்று சத்தியமாகப் புரியவில்லை. புரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

இரண்டு பேரையும் நம்பிய எனக்குத்தான் கண் எரிகிறது.