முதலில் போட்டோ, பிறகு பிரியாணி

விஸ்காம் மூன்றாம் ஆண்டில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் சில வாரம் வேலை பழகிவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் விதி. தோழிகள் எல்லாம் நுங்கம்பாக்கம், அடையாறு என்று ஏசி அலுவலகங்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். வேப்பம்பட்டில் ரயிலேறுகிற எனக்கு அயனம்பாக்கம் வாய்த்தது. அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போக வேண்டும்.

அங்கே ஒரு வாடகை மாடியில் மாலை நேரப் படிப்பகம் நடந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்கள், ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்கிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேராக வந்துவிடுவார்கள். பெற்றோர் வந்து கூட்டிப்போகும்வரை வீட்டுப்பாடம், சுண்டல், கொஞ்சம் சண்டை.

எனக்குக் கொடுத்த பட்டம் 'கம்யூனிகேஷன்ஸ் இன்டர்ன்'. ஆவணப்படம் எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டு கிளம்பியிருந்தேன். முதல் நாள் கிடைத்த வேலை, ஒரு பிறந்தநாள் பேனர்.

படிப்பகத்தை நடத்தியவரை எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர், உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்த வழக்கத்தை அவர்தான் விளக்கினார். வசதியான வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இங்கே பிரியாணி போடுவார்கள். தட்டு முன்னால் வந்ததும் யாரும் கை வைக்கக் கூடாது. பேனருக்குக் கீழே உட்கார்ந்து, வாழ்த்துப் பாட்டுப் பாடி, தட்டும் முகமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்த பிறகுதான் சாப்பிடலாம்.

“முதல்ல போட்டோ, அப்பறம்தான் பிரியாணி. மூஞ்சி நல்லா தெரியணும்மா, சிரிக்கணும். இல்லாங்காட்டி அடுத்த வருஷம் வேற எடத்துக்குப் பூடுவாங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பசியோடு இருக்கிற பிள்ளையின் முன்னால் பிரியாணியை வைத்துவிட்டு, சிரி என்று சொல்வது என்ன நியாயம்? ஆனால் மாடி வாடகையும் டீச்சர்களின் சம்பளமும் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். லேப்டாப்பைத் திறந்தேன்.

பேனரில் பிறந்தநாள் பெண்ணின் படத்தை வைத்துச் சுற்றிலும் பலூன்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறவள். படிப்பகத்திலேயே அவள் ஒருத்திதான் தனியார் பள்ளியில் படித்தாள், கல்வி உரிமைச் சட்டப்படி கிடைத்த ஆர்.டி.இ. இலவச இடத்தில். முதல் வகுப்பிலிருக்கும் தங்கையைத் தினமும் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள்.

“இன்னாக்கா இது? இவ இங்க வராளா?”

“ஆமா, சனிக்கிழமை. ஏன், தெரியுமா?”

“எங்க கிளாஸுக்கா” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏரிக்கரையாண்ட ஃபிளாட் கீதுல்ல, அங்கதான் எங்க ஊடுன்னு ஸ்கூல்ல சொல்லி வெச்சிகீறேன்” என்றாள்.

அந்த ஃபிளாட்டில் அவள் அம்மா வீட்டு வேலை செய்தார். பேனருக்குக் கீழே தட்டோடு உட்கார்ந்து அவள் கைதட்டினால், திங்கட்கிழமை வகுப்பு முழுக்க விஷயம் பரவிவிடும். அன்றைக்கு மட்டும் வராமல் இருந்துவிடேன் என்றேன். பிரியாணி என்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது, அவளை யார் கூட்டி வருவது என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

“போட்டோவ நான் எட்கட்டாக்கா?”

எனக்கு அது பிடித்துவிட்டது. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளைப் படத்தில் யாரும் தேட மாட்டார்கள். மேடத்திடம் கேட்டேன். படம் ஆடாமல் வந்தால் சரி என்றார். சனிக்கிழமைக்குள் என் கேமராவை அவள் கழுத்தில் மாட்டி, மாடி முழுக்க ஓடவிட்டு எடுக்கப் பழக்கினேன். சுண்டல், செருப்புக் குவியல், தூங்கி வழியும் டீச்சர் என்று எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினாள்.

சனிக்கிழமை என் அடையாள அட்டையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். வானகரத்திலிருந்து அந்தக் குடும்பம் காரில் வந்து இறங்கியது. பளபளக்கிற கவுனில் மேலே ஏறி வந்த பிறந்தநாள் பெண் இவளைப் பார்த்ததும் நின்றாள்.

“ஏய், நீ எங்க இங்க?”

“வாலண்டியரா வந்திருக்கேன். போட்டோ எடுக்கணும்” என்றாள் இவள், பிசிறில்லாமல்.

“சூப்பர்டி. என்னை நல்லா எடு.”

எல்லாம் சுமுகமாகவே நடந்தது. பாட்டுப் பாடினார்கள், கைதட்டினார்கள். இவள் முட்டி போட்டு, சாய்ந்து, நாற்காலி மேல் ஏறி எடுத்தாள். மேடம் தலையாட்டியதும் எல்லாத் தட்டிலும் கை விழுந்தது. பிறந்தநாள் பெண்ணின் அம்மா எங்களிடம் வந்து, “நீங்களும் சாப்பிடுங்கம்மா” என்றார். இவள் என்னை முந்திக்கொண்டு, “நாங்க அப்பறம் சாப்பிடறோம் ஆன்ட்டி” என்றாள். காலையிலிருந்து பிரியாணிக்காகவே அவள் வயிற்றைக் காலியாக வைத்திருந்தது எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

தங்கை மட்டும் சாப்பிடவில்லை. தட்டைப் பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். மேடம் கேட்டார், டீச்சர் ஊட்டப் போனார், வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சோறு சிந்தச் சிந்த, நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தாள்.

பிறந்தநாள் பெண் பக்கத்திலேயே இருந்தாள். நான் குனிந்து, “வா, அக்கா ஊட்டறேன்” என்று தட்டை வாங்கப் பார்த்தேன். குழந்தை தலையை ஆட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது, வாயை மட்டும் மூடவில்லை.

இவள் கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அடையாள அட்டையையும் கழற்றி என் கையில் வைத்தாள். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கையை மடிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கோழித் துண்டிலிருந்து எலும்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு வாய் குழந்தைக்குப் போனது. அடுத்த வாயைத் தானே சாப்பிட்டாள்.

“யாருடி இது?” என்றாள் பிறந்தநாள் பெண்.

“என் தங்கச்சி. நாங்க டெய்லி இங்கதான் வருவோம்.”

பிறந்தநாள் பெண் அந்தத் தட்டையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனர் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினாள். பிறகு குனிந்து ரகசியமாக, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

இவள் தலை நிமிரவில்லை.

“சொன்னா சொல்லிக்கோ. கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைச்சிக்கினு கீற. எலும்பு தெரில.”