நாற்பத்து மூன்று கோப்புகளும் ஓர் இருமலும்

2008 தவக்காலத்துக்கு முன், ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கோவிலில் பாடும் பாடல்களைக் கணினியில் தட்டெழுதி நாற்பத்து மூன்று கோப்புகளாக வைத்திருந்தேன். அதில் ஒரு புலம்பல், பக்கத்துத் தெரு மன்னார் அக்கா பாடப்பாட நான் எழுதியது. அறுபத்து நான்கு அடிகள். வேறெங்கும் பிரதி கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் அக்கா இறந்துவிட்டார். பெரிய வெள்ளியன்று அதைப் பாட வேண்டுமென்று அவர் மகள் கேட்டிருந்தாள்.

கை தவறி அழித்துவிடுவேனோ என்று நான் தினமும் புலம்பியதால், மதுரைக்காரியான என் மருமகள் எல்லாவற்றையும் 'கிட்' என்ற நிரலில் பதிந்து வைத்தாள். பழைய வடிவங்களைக் காத்து வைக்க அவள் அலுவலகத்தில் பயன்படுத்துவதாம். அதன் உள்கோப்புறையைத் திறந்து எண்ணினேன். நாற்பதுதான்.

"பிள்ளை, மூண்டு குறையுது!"

"குறையல மாமா. அதுலயும் ஒண்ணு பேர்ப் பட்டியல், ஒண்ணு யாரு எப்போ பதிஞ்சாங்கன்னு குறிப்பு. பாட்டு முப்பத்தெட்டுதான்."

"அப்ப அஞ்சு குறையுதே!"

"அஞ்சு பாட்டை ரெண்டு பேர்ல வச்சிருக்கீங்க. உள்ள இருக்கிறது ஒண்ணுன்னா அது ஒரு தடவைதான் வச்சுக்கும். நீங்க வச்ச பேரையெல்லாம் பாக்காது."

ஒவ்வொன்றுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு பெயர். எவரும் வைத்ததல்ல, உள்ளே இருப்பதிலிருந்தே கணக்கிட்டு வருவது. ஒரு கமா மாறினாலும் பெயர் அடியோடு மாறிவிடும்.

ஆனாலும் அந்த ஐந்து இரட்டைகள் உறுத்தின. அளவு ஒத்த கோப்புகளைத் தேடி அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மிஞ்சியவை முப்பத்தேழு. ஒன்று கூடுதலாகப் போயிருந்தது. புலம்பல்! வேறொரு பாட்டும் ஒரு பைட் பிசகாமல் அதே அளவு.

மருமகளைத் தொலைபேசியில் அழைத்தேன். "அக்காவின்ர பாட்டை அழிச்சுப்போட்டன், பிள்ளை."

"சைஸை மட்டும் பாத்தீங்களா? ரெண்டு பேர் ஒரே வெயிட்டா இருந்தா ஒரே ஆளா, மாமா?"

அவள் சிரித்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து அந்த நிரலில் ஒரே ஒரு வரி தட்டினாள். புலம்பல் திரும்பி வந்தது. எண்ணினேன், அறுபத்து நான்கு. நாற்பத்தோராம் அடியின்கீழ், நான் மறந்தே போயிருந்த குறிப்பும் இருந்தது: 'இங்கே அக்கா இருமினார்.'

அச்சுக்காக அந்தக் குறிப்பை நீக்கினேன். மருமகள் மறுபடி பதிந்தாள். உள்ளே எண்ணினேன். பழைய நாற்பதோடு புதுப் புலம்பல், புதுப் பேர்ப் பட்டியல், யார் எப்போது பதிந்தார் என்ற புதுக் குறிப்பு சேர்ந்து நாற்பத்து மூன்று. பழைய புலம்பலும் தன் நாற்பது எழுத்துப் பெயரோடு, இருமலோடு, அங்கேயே இருந்தது.