கையில் திணித்த இரும்பு

என் தம்பி சிரித்தால் விழுந்துவிடுவான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம்மை விழித்திருக்க வைக்கும் ஒரு சின்னப் புரதம் மூளையில் சுரக்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் அவனுக்கு அழிந்துபோயின. அதனால் கண்ட நேரத்தில் தூக்கம் அமுக்கும். வாய்விட்டுச் சிரித்தால் உடம்பு துவண்டு சரியும். நினைவு மட்டும் தப்பாது. கிடந்தபடியே பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றான். அங்கே முதல் தடவை விழுந்தபோது, வலிப்பு என்று நினைத்து ஓடிவந்தவர்கள் அவன் கையில் ஸ்பேனரைத் திணித்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

"இரும்புக்கு அங்க பஞ்சமாக்கா? ஆளுக்கு ஒண்ணு எட்த்துகினு வரானுங்க. ஒருத்தன் சரக்கு வுட்டுகினு வந்துகிறான்றான். எல்லாம் கேக்குது, வாயத் தொறக்க முடில" என்றான் என்னிடம்.

நான் ஒரகடத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் வேலை பார்ப்பவள். அவன் நோய் இன்னதென்று தெரிந்ததும், அந்தப் புரதத்தின் வேலையைச் செய்யும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த குழுவுக்குக் கெஞ்சிக் கூத்தாடி மாறினேன். கடையில் கிடைக்கிற மாத்திரைகள் அவனுக்குச் சரிப்படவில்லை. எங்கள் மருந்து, தட்டில் வளர்த்த செல்களில் அருமையாக வேலை செய்தது. எலிக்குக் கொடுத்தால் மூளைக்குள் போகவில்லை. உள்ளே போகிற மாதிரி மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றினோம், எலிக்கு ஈரல் கெட்டது. திரும்பத் திரும்ப மாற்றினோம். குடுவையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இதுவாவது பலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விஞ்ஞானத்தில் வேண்டுதல் எங்கே வந்தது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அவனோ சிரிப்பதையே விட்டுவிட்டான். யாராவது கலாய்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திமிர் பிடித்தவன் என்று பேர்தான் மிச்சம். அப்படியும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மிஷின் பக்கம் விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாராம் சூப்பர்வைசர். நியாயமான கேள்விதான், அதுதான் வயிற்றெரிச்சல். அன்றிலிருந்து தம்பிக்கு ஒரே பேச்சு: "உன் மாத்திர எப்பக்கா வரும்?"

போன வெள்ளிக்கிழமை எங்கள் மருந்தைக் கைவிடுவதாக முடிவு செய்தார்கள். மத்தியானமே பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான்.

"ஊத்திக்கிச்சா?"

"ஆமாடா. மறுபடியும் எலிக்கு ஈரல் போச்சு. நிறுத்திட்டாங்க."

"அப்ப அந்த எலிக்கும் வேல பூட்ச்சா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இத்தனை நாள் அடக்கி வைத்த சிரிப்பு. சோற்றுத் தட்டின் மேலேயே சரிந்தான்.

தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தேன். கழுத்து தொங்கியது. கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிடுவான் என்று தெரியும். எந்தச் செல், எந்தப் புரதம், எல்லாம் தெரியும். செய்யத்தான் ஒன்றுமில்லை. கை பரபரத்தது. வண்டிச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கண் திறந்தவன் சாவியைப் பார்த்தான்.

"அக்கா, உன்னாண்டயும் இதுதான் இருக்கா?" என்றான்.