சம்பந்தம் சாருக்கு நான் கொடுத்த மலைத்தேன்

ஒரு மனிதருடைய கால் போகக் காரணமானவன் நான். மலைத்தேன் என்று சொல்லி அவருக்கு என் கரும்புப் பாகைக் குடிக்கக் கொடுத்தேன்... தெரிந்தே கொடுத்தேன்!

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த காலம். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு புளியமரத்தைச் சாய்த்தவர்களில் நானும் ஒருவன். நான்கே வெட்டு, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். என் வீரம் அவ்வளவுதான். மறியல் ஓய்ந்ததும், கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்ப ஆர்டர் கேட்டு, ஆலைக்காக வெட்டு முறை வைக்கும் பீல்டுமேன் சம்பந்தம் சார் முன்னால் நின்றேன். இடம் டீக்கடை. சுற்றிலும் பத்துப் பேர்.

“இன்னாடா, மரம் வெட்ட எவன்கிட்ட ஆர்டர் வாங்கின? கரும்புக்கு மட்டும் என்கிட்ட வந்து நின்னுகினு கீற?”

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவன்கூட!

என் ஆர்டரைக் கடைசிக்குத் தள்ளினார். கரும்பு பூத்து, பாதி சக்கையாய் உலர்ந்தது. மிஞ்சியதை நானே ஆட்டி, பாகாகக் காய்ச்சிக் குடங்களில் அடைத்தேன். கொதிக்கும் கொப்பரை முன்னால் நின்று முடிவு செய்தேன்... ஆலை தின்னாத கரும்பை இந்த ஆள் தின்னட்டும்!

அவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சீனியை அறவே நிறுத்தியிருந்தார். வெறும் காபியைக் கஷாயம்போல விழுங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் பவ்யமாய்ப் போனேன்.

“சார், கல்வராயன் மலைத்தேன். சர்க்கரைய ஏத்தாது. எவ்ளோ வேணா ஊத்திக்கலாம்.”

பாகில் கொஞ்சம் நிஜத்தேன், ஒரு துண்டு தேனடை, இரண்டு செத்த தேனீ. அந்தத் தேனீக்களுக்காக அரைநாள் அலைந்து, உயிரோடிருந்த ஒன்றிடம் மூக்கில் ஒரு கொட்டும் வாங்கினேன். பழிவாங்கக் கிளம்பியவன் மூக்கு போண்டாவாக வீங்கியிருந்தது!

கரும்பைக் கடித்தே இனிப்பு எத்தனை டிகிரி என்று சொல்லும் நாக்கு அவருடையது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

“டேய்... அசல்டா! பூ வாசன அடிக்குது பாரு.”

அவர் வெட்டவிடாத கரும்பில் பூத்த பூ!

மாதாமாதம் பாட்டிலை நீட்டினார். நன்றிக் கடனாக மறுவருடம் முதல் ஆர்டரே எனக்குத்தான். வேண்டாமென்றேனா? வாங்கிக்கொண்டேன். பாட்டிலையும் நிரப்பினேன்.

ஒருநாள் அவர் மனைவி என் வீடு தேடி வந்தார்.

“ண்ணா, அவுருக்குக் கால் வெரல்ல புண்ணு. ஆறவே மாட்டேங்குது. உங்க தேனத் தடவினா ஆறுமான்னு கேட்டுகினு வரச் சொன்னாரு.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? தடவுவதற்குச் சுத்தமான தேன் கொடுத்தேன். குடிக்கிற பாட்டிலில்... வழக்கம்போலப் பாகு. சுவை மாறினால் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம். பயம் மட்டும்தானா? டீக்கடைச் சிரிப்பு அப்போதும் காதில் கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

முதலில் விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும்.

மலையில் இனித் தேனே கிடைக்காது என்று புளுகி அன்றோடு நிறுத்தினேன். சுத்தத் தேனும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை எவ்வளவு ஆசையாய்ப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? அந்தச் சமாதானம் நிற்கவில்லை. கெடுதல் செய்யட்டும் என்றுதானே ஊற்றினேன்!

சார் இருக்கிறார், கட்டைக்காலோடு. பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்: “உன் தேன் இல்லன்னா இன்னொரு காலும் பூட்டிருக்கும்டா.”

சொல்லிவிடலாம். மன்னித்தும் விடுவார்; இப்போது அவ்வளவு சாது. ஆனால் அந்த ஆளிடம் போய்... மறுபடியும் கை கட்டி நின்று... மன்னிப்பு கேட்டு வாங்குவதா? முடியாது!

ஒரு காலை எடுத்த பிறகும் எனக்கு அவர்மேல் ஆத்திரம் அடங்கவில்லை.